கண் கேட்கப் போனவர்

சின்ன காஞ்சிபுரத்து வரதராஜப் பெருமாளிடம் கண் கேட்டு வரும்படி அனுப்பப்பட்ட ஒருவர், வேறொன்றைக் கேட்டுத் திரும்பினார். அவர் கூரத்தாழ்வான்.

காஞ்சிக்கு அருகில் உள்ள கூரத்தில், 11-ஆம் நூற்றாண்டில் செல்வக்குடியில் பிறந்தவர். அன்னமிட்டு முடித்து இரவில் அவர் மாளிகைக் கதவை அடைக்கும் ஓசை வரதர் கோயில்வரை கேட்டது என்கின்றன குருபரம்பரைக் கதைகள். அதைச் செருக்கின் ஓசையாக உணர்ந்து, அனைத்தையும் துறந்து, மனைவி ஆண்டாளுடன் திருவரங்கம் சென்றார். காட்டுவழியில் மனைவியின் அச்சத்துக்குக் காரணம் மடியிலிருந்த பொன்வட்டில் என்று அறிந்ததும் அதையும் எறிந்துவிட்டார். திருவரங்கத்தில் பிச்சையேற்று வாழ்ந்தபடியே, இராமானுஜர் ஸ்ரீபாஷ்யம் இயற்றத் துணைநின்றார்.

சோழ அரசவை இராமானுஜரைத் தேடியபோது, ஆசாரியரின் காவியை உடுத்தித் தாமே சென்றார். அடையாளம் காட்டிக்கொடுத்தவன் அவருடைய சீடனான நாலூரான். அங்கே அவர் கண்கள் பறிபோயின. தாமே பிடுங்கிக்கொண்டார் என்றும் ஒரு வழக்கு உண்டு. உடன் சென்ற முதியவர் பெரிய நம்பி அந்தத் துன்பத்திலேயே உயிர்நீத்தார். அந்தச் சோழன் யார் என்பதில் அறிஞர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்தில்லை.

கண்ணை இழந்த துன்பம் அன்றோடு முடிவதில்லை. குழி சுருங்கும், இமை உள்வாங்கும். 1885-இல் மியூல்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர், உட்பகுதி அகற்றப்பட்ட விழிக்குள் கண்ணாடிக் கோளத்தைப் பதித்தார். அக்ரிலிக், சிலிக்கான், பவளப்பாறையிலிருந்து செய்த நுண்துளைக் கோளங்கள் பின்னர் வந்தன. இன்றும் பல ஆண்டுகள் கழித்துக்கூட, மூடிய திசு மெலிந்து கோளம் வெளித்தெரியலாம்; இடம்பெயரலாம்; தொற்று பற்றலாம். அதனால்தான் செயற்கைக் கண் பொருத்தியவர்கள் தொடர்ந்து மருத்துவரிடம் காட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆழ்வானுக்கோ கோளமும் இல்லை, மருந்தும் இல்லை. அந்த வெற்றுக் குழிகளோடு திருமாலிருஞ்சோலையில் பல ஆண்டுகள் வாழ்ந்து, அழகரைப் பற்றி சுந்தரபாஹு ஸ்தவம் பாடினார். காணாமலே அழகைப் பாடினார் என்பதை நம் உரைகாரர்கள் இன்னும் கொஞ்சம் நின்று பேசியிருக்கலாம்.

இராமானுஜர் திரும்பி வந்ததும், வரதரிடம் கண் வேண்டிப் பாடுமாறு பணித்தார். வரதராஜ ஸ்தவம் பிறந்தது. வரம் கேள் என்று பெருமாள் இரங்கியபோது, தமக்குக் கிட்டும் பேறு நாலூரானுக்கும் கிட்ட வேண்டும் என்றாராம் ஆழ்வான். அந்த வரமும் கிடைத்தது. செய்தி கேட்ட இராமானுஜருக்கு வருத்தம்; அவர் எதிர்பார்த்திருந்தது கண்களை.