பழைய கணினி மொழிக்கு அடித்தளமிட்ட கிரேஸ் ஹாப்பர் அம்மையார்

வங்கிக் கணக்கு, காப்புறுதித் தவணை, சம்பளப் பட்டியல் போன்றவற்றைக் கவனிக்கும் மெயின்ஃபிரேம் எனும் பெரிய கணினிகள் பலவற்றில் இன்றும் ஓடிக்கொண்டிருப்பது கோபோல் என்ற பழைய நிரல் மொழி. அதற்கு அடித்தளமிட்டவர் அமெரிக்கக் கடற்படை அதிகாரி கிரேஸ் ஹாப்பர் அம்மையார்.

1906 டிசம்பர் 9ஆம் தேதி நியூயார்க்கில் பிறந்தவர். ஏழு வயதில், அலாரம் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று அறிய வீட்டிலிருந்த ஏழு கடிகாரங்களையும் கழற்றிப் போட்டார். அதன் பிறகு ஒரு கடிகாரத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது தாயின் கட்டளை. 1934இல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்று, வாசர் கல்லூரியில் பாடம் நடத்தினார்.

இரண்டாம் உலகப்போர் அவர் பாதையை மாற்றியது. 1943 டிசம்பரில் கடற்படையில் சேர்ந்தபோது அவருக்கு வயது 37. உடல் எடை போதாததால் சிறப்பு அனுமதி பெற வேண்டியிருந்தது. மறு ஆண்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலிருந்த மார்க் 1 கணினியில் பணியமர்த்தப்பட்டார். 51 அடி நீளமும் சுமார் 5 டன் எடையும் கொண்ட இயந்திரம் அது. படிக்கப் பாடநூல் கிடையாது. வேலை செய்துகொண்டே கற்றார். பின்னர் அந்த இயந்திரத்துக்கு வெளிவந்த 500 பக்கங்களுக்கு மேற்பட்ட கையேட்டின் பெரும்பகுதியை அவரே எழுதினார்.

அக்காலத்தில் கட்டளைகளை எண்களாகவே எழுத வேண்டும். பழைய நிரலிலிருந்து பார்த்து எழுதும்போது ஓர் எண் மாறினாலும் கணக்கு தவறிவிடும். இந்த வேலையைக் கணினியே செய்யட்டும் என்று 1952இல் ஏ-0 என்ற தொகுப்பியை உருவாக்கினார். கணினிக்குக் கூட்டல் கழித்தல் மட்டுமே தெரியும் என்று நம்பியவர்கள் முதலில் அதைப் பொருட்படுத்தவில்லை.

அடுத்து, அலுவலக ஊழியருக்கும் புரியும்படி ஆங்கிலச் சொற்களால் கட்டளையிடும் ஃப்ளோ-மேட்டிக் மொழியை அமைத்தார். அதே கட்டளைகளைப் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் எழுதிக் காட்டியபோது நிர்வாகத்தினர் மிரண்டார்கள். இயந்திரத்துக்கு எந்த மொழியும் ஒன்றுதான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

1959இல் அரசும் கணினி நிறுவனங்களும் கூடி, எல்லா இயந்திரங்களுக்கும் பொதுவாக கோபோல் மொழியை வகுத்தபோது ஃப்ளோ-மேட்டிக்கே அதற்கு முக்கிய அடிப்படையானது. வேலை செய்த மணியைக் கூலி விகிதத்தால் பெருக்கு என்று கிட்டத்தட்ட பேச்சு நடையிலேயே அதில் எழுதலாம். மறு ஆண்டே, ஒரே நிரல் இரு வேறு நிறுவனங்களின் கணினிகளில் ஓடியது.

1966இல் அம்மையாருக்குக் கடற்படை ஓய்வு கொடுத்தது. ஆனால் சில மாதங்களிலேயே, கோபோலை ஒழுங்குபடுத்த ஆறு மாதங்களுக்கு என்று திரும்ப அழைத்தது. அந்த ஆறு மாதம் 19 ஆண்டுகளாக நீண்டது. 1986இல் ரியர் அட்மிரலாக ஓய்வு பெற்றபோது அவருக்கு வயது 79. 1992 ஜனவரி 1ஆம் தேதி காலமானார்.

அவர் மறைந்தாலும் அந்த மொழிக்குத் தேவை மறையவில்லை. 2020இல் கோவிட் காலத்தில் வேலை இழந்தோரின் உதவித்தொகை விண்ணப்பங்கள் குவிந்தபோது, அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில ஆளுநர் கோபோல் தெரிந்த தொண்டூழியர்கள் வேண்டும் என்று வெளிப்படையாகவே கேட்டார். எழுதியவர்கள் ஓய்வு பெற்றுப் போக, நிரல்கள் மட்டும் வேலையில் இருந்தன. வீட்டில் அடுப்பு எரிவது அந்த உதவித்தொகையை நம்பித்தான்.

இன்று கோபோல் படிக்கப் பெரிய கணினி தேவையில்லை. ஜிஎன்யு கோபோல் என்ற இலவச மென்பொருள் சாதாரண மடிக்கணினியிலேயே ஓடும். புதிய மொழிகளோடு இதையும் கற்கும் பிள்ளையைப் பார்த்து, இந்தப் பழசு எதற்கு என்று கேட்க வேண்டாம். அம்மையார் கணினியைத் தொட்டதே 37 வயதில்தான். அதுவும் சொல்லிக்கொடுக்கப் புத்தகமே இல்லாத காலத்தில்.