மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்டு: சட்டத்தோடு வழக்காடிய மருத்துவர்

1871ஆம் ஆண்டில் ஜெர்மானியப் பேரரசு தனக்கென வகுத்துக்கொண்ட குற்றவியல் தொகுப்பின் 175ஆம் பிரிவு, ஆண்கள் இருவர் தம்முள் கொள்ளும் உடலுறவைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியது. அப்போது மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்டுக்கு வயது மூன்று. பால்டிக் கடற்கரையிலுள்ள கோல்பெர்க் நகரில், யூத மருத்துவர் ஒருவரின் மகனாக 1868 மே 14இல் பிறந்தவர் அவர். தந்தையின் தொழிலையே ஏற்று 1892இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அந்தச் சட்டப் பிரிவோ அவர் வாழ்நாள் முழுவதையும் தனக்கென எடுத்துக்கொண்டது.

அவரிடம் மருத்துவம் பெற்றுவந்த இளம் படை அதிகாரி ஒருவர், தம் திருமணத்திற்கு முதல்நாள் தம்மைச் சுட்டுக்கொண்டு மாண்டார். தம்மைப் போன்றோரின் துயரை உலகறியச் செய்யுமாறு ஹிர்ஷ்ஃபெல்டுக்கு மடல் ஒன்றையும் விட்டுச் சென்றார். அதே காலத்தில்தான், 1895இல், லண்டனில் ஆஸ்கார் வைல்டு சிறைக்கு அனுப்பப்பட்டார். மறு ஆண்டே ஹிர்ஷ்ஃபெல்டு, சாஃபோ, சாக்ரடீஸ் இருவர் பெயரையும் தலைப்பில் தாங்கிய சிறுநூலை வெளியிட்டார். தன்பால் விழைவு பிறவியிலேயே அமைவது, தண்டித்து மாற்றத்தக்கதன்று என்பது அதன் சாரம். ஆசிரியரின் இயற்பெயர் அந்நூலில் இல்லை. புனைபெயரின் பின்னே நின்றே அதனைச் சொல்ல முடிந்தது.

1897 மே மாதத்தில் நண்பர் மூவருடன் அவர் அறிவியல் மனிதநேயக் குழுவை நிறுவினார். 175ஆம் பிரிவை நீக்கக் கோரும் விண்ணப்பமே அதன் முதற்பணி. அடுத்த ஆண்டில் சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் ஆகஸ்ட் பேபல் அதனை நாடாளுமன்றத்தில் எடுத்துரைத்தார், அவை ஏற்கவில்லை. ஆனால் கையொப்பங்கள் ஆண்டுதோறும் பெருகின. ரில்கே, தாமஸ் மன், ஹெர்மன் ஹெஸ்ஸே, ஐன்ஸ்டீன் ஆகியோர் பெயர்களும் அப்பட்டியலில் இடம்பெற்றன. அக்காலத்தில் இப்பொருள் குறித்த தாளில் பெயரெழுதுவதே துணிவுடைய செயலாகும்.

விண்ணப்பத்தின் பின்னிருந்த வாதம் கருதத்தக்கது. இச்சட்டம் சிறையிலடைத்தவர்களைவிட, மிரட்டிப் பணம் பறிப்போரின் கையில் அகப்படுத்தியவர்களே மிகுதி என்று ஹிர்ஷ்ஃபெல்டு கண்டார். பொருளைப் பறிகொடுத்தவன் காவல் நிலையம் சென்று முறையிட்டால், முறையீட்டின் முதல் வரியிலேயே தன்னைக் குற்றவாளியாக்கிக்கொள்வான். இருளில் மறித்து அடிபட்டவன் நிலையும் அதுவே. எனவே அடிப்போர்க்கும் பறிப்போர்க்கும் சட்டமே அரணாக நின்றது எனலாம்.

அவர் வாழ்வில் மறைக்கக்கூடாத பிழையொன்றும் உண்டு. பேரரசரின் அணுக்க வட்டத்தைச் சேர்ந்த மோல்ட்கே என்ற படைத்தலைவர் 1907இல் தொடுத்த அவதூறு வழக்கில், வழக்குத் தொடுத்தவரே தன்பால் விழைவினர் என ஹிர்ஷ்ஃபெல்டு நிபுணச் சான்று கூறினார். உயர்ந்தோரிடத்தும் இவ்வியல்பு உண்டென மெய்ப்பித்தால் நாட்டின் மனம் இளகும் என அவர் நம்பினார் போலும். நாட்டின் மனம் மேலும் இறுகியது. மறு விசாரணையில் அவரே தம் கருத்தைத் திரும்பப் பெற நேர்ந்தது. ஒருவர் தாமே திறவாத கதவை மன்றத்தில் பிறர் திறப்பது, எந்நோக்கத்தால் ஆயினும், காப்பாகாது.

போர் முடிந்து முடியாட்சி வீழ்ந்தபின் நல்ல காலம் வந்தது. 1919 ஜூலையில் பெர்லினில் பாலியல் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். நூலகமும் மருத்துவமனையும் ஆலோசனை மன்றமும் ஒருங்கே அமைந்த அவ்விடத்தில், இக்காலத்தில் நாம் திருநர் எனப் போற்றும் மக்களும் புகலும் பணியும் பெற்றனர். அவ்வாண்டே, மிரட்டலுக்கு இரையாகி மாளும் இசைக்கலைஞன் ஒருவனின் கதையைத் திரைப்படமாக்குவதில் பங்கேற்று, மருத்துவராகத் தாமே நடித்தார். மறு ஆண்டில் அப்படம் தடைசெய்யப்பட்டது.

1920 அக்டோபரில் மியூனிக் நகரில் சொற்பொழிவாற்றித் திரும்பிய அவரைத் தெருவில் வன்கும்பலொன்று தாக்கிக் குருதி வெள்ளத்தில் விட்டுச் சென்றது. அவர் இறந்தார் என்றே செய்தித்தாள்கள் எழுதின. இறந்தார்க்கு இரங்கும் கையறுநிலை தமிழில் தனித்துறை. தமக்கான இரங்கலைத் தாமே படிக்கும் விந்தை நிலை அம்மருத்துவருக்கு வாய்த்தது. யூதர் என்பதும், தன்பால் விழைவோர்க்குப் பரிந்து பேசுபவர் என்பதும் அவர்மீது பகை மூளப் போதுமானவையாக இருந்தன.

1929 அக்டோபரில் நாடாளுமன்றக் குழுவொன்று 175ஆம் பிரிவை நீக்க 15க்கு 13 என்ற கணக்கில் வாக்களித்தது. முழு அவையின் முன் அது வருவதற்குள் நாட்டு நிலை குலைந்தது. 1930 இறுதியில் உலகப் பயணம் புறப்பட்டவர், அமெரிக்கா, ஜப்பான், சீனம் கடந்து 1931இல் இந்தியாவும் வந்தார். ஷாங்காயில் அறிமுகமான லி ஷியூ டாங் என்ற மருத்துவ மாணவர் இறுதிவரை அவருக்குத் துணையானார். 1932இல் ஐரோப்பா திரும்பியும் தாய்நாட்டில் கால்வைக்க இயலவில்லை.

1933 மே 6இல் மாணவர் அணியொன்று இசை முழக்கத்தோடு வந்து நிலையத்தைச் சூறையாடியது. நான்கு நாள் கழித்து ஆப்பரா சதுக்கத்தில் நூல்கள் எரிந்தன; கம்பில் ஏந்திவந்த ஹிர்ஷ்ஃபெல்டின் மார்பளவுச் சிலையும் நெருப்பில் எறியப்பட்டது. பாரிஸ் நகரத் திரையரங்கொன்றில், செய்திப் படத்தில் அக்காட்சியை அவர் கண்டார். தாம் தேடிய ஏடுகள் எரிவதைக் கடைசிப் பார்வையாளராக இருந்து காண்பது எத்துணைக் கொடுமை! 1935 மே 14, தம் அறுபத்தேழாம் பிறந்தநாளில், நீஸ் நகரில் உயிர் நீத்தார்.

அடுத்த மாதமே நாட்சி அரசு 175ஆம் பிரிவை மேலும் கடுமையாக்கியது. அவ்வாட்சியில் ஏறத்தாழ 50,000 பேர் தண்டிக்கப்பட்டனர். வதைமுகாம்களுக்கு அனுப்பப்பட்டோர் உடையில் இளஞ்சிவப்பு முக்கோணம் தைக்கப்பட்டது. போருக்குப் பின்னும் மேற்கு ஜெர்மனி அதே கடுமையோடு 1969 வரை அப்பிரிவைக் கையாண்டது. முழுவதுமாக அது நீங்கியது 1994இல். போருக்குப் பிந்தைய தீர்ப்புகள் செல்லாவென ஆனது 2017இல்.

தண்டிக்கும் சட்டம் போனதால் காக்கும் சட்டம் தானே வந்துவிடவில்லை. ஒருவரின் பாலியல் நாட்டத்தின்மீது கொண்ட பகையால் குற்றம் இழைத்தால், தண்டனையின் அளவை முடிவுசெய்யும்போது நீதிபதி அந்நோக்கத்தைக் கருதவேண்டும் என ஜெர்மானியக் குற்றவியல் தொகுப்பின் 46ஆம் பிரிவில் வெளிப்படையாக எழுதப்பட்டது 2023இல். மியூனிக் தெருவில் அந்த மருத்துவர் அடிபட்டுக் கிடந்து 103 ஆண்டுகள் ஆகியிருந்தன.