டாலர் ஒரே நாளில் ரூ.7.50 ஆனது: ஏ.எஸ்.ராவ் நகரின் அந்த ‘ராவ்’ யார்?

ஹைதராபாத்தில் வேலை கிடைத்து, ஈசிஐஎல் கிராஸ் ரோட்ஸ் பக்கம் வாடகை வீடு தேடியிருந்தால் ஏ.எஸ்.ராவ் நகர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த ராவ் அரசியல்வாதி இல்லைங்க. எலெக்ட்ரானிக்ஸ் விஞ்ஞானி. முழுப் பெயர் அய்யகாரி சாம்பசிவ ராவ்.

1914-ல் மேற்கு கோதாவரிப் பகுதியில் பிறந்தவர். பனாரஸில் படித்து, ஸ்டான்ஃபோர்டு போய், நாடு திரும்பி ஹோமி பாபாவின் அணுசக்தி அணியில் சேர்ந்தார். அணு உலைக்கான கருவிகளை இங்கேயே செய்வதுதான் டிராம்பேயில் அவர் குழுவின் வேலை. வெளிநாட்டில் வாங்கினால் என்னவாம்? டாலர் இல்லை, அதுதான் பிரச்னை.

அப்போது ரூபாய் மதிப்பு இன்று போல தினமும் ஏறி இறங்காது. அரசு வைத்ததுதான் ரேட்: ஒரு டாலருக்கு ரூ.4.76. 1962, 1965 போர்கள், கூடவே கடும் வறட்சி. கையிருப்பு கரைந்தது. இந்த ரேட் நிற்காது என்ற பேச்சு கிளம்பினால் என்ன ஆகும்? ஏற்றுமதியாளர் டாலரைக் கொண்டுவர இழுத்தடிப்பார், இறக்குமதியாளர் அவசரமாக வாங்குவார். ஊக வணிகத்துக்கு டிரேடிங் ஆப் எல்லாம் வேண்டாம், இதுவே போதும். பயந்ததே நடந்துவிடும். உதவி வேண்டுமென்றால் மதிப்பைக் குறையுங்கள் என்று உலக வங்கியும் அமெரிக்காவும் நெருக்கின. 1966 ஜூன் 6-ல் டாலர் ரூ.7.50 ஆனது. முந்தைய நாள் ரூ.4,760-க்குக் கிடைத்த ஆயிரம் டாலர் கருவி, இப்போது ரூ.7,500.

அடி இந்தியாவோடு நிற்கவில்லை. துபாயிலும் கத்தாரிலும் அப்போது புழங்கியது நம் ரிசர்வ் வங்கி அச்சடித்த வளைகுடா ரூபாய். டெல்லி எடுத்த முடிவால் அங்கிருந்தவர்கள் கையிலிருந்த காசின் மதிப்பும் சேர்ந்தே சரியப் பார்த்தது. அந்த ஆண்டே இரண்டும் ரூபாயைக் கைவிட்டு, தங்களுக்கென ஒரு ரியாலுக்கு மாறின.

எலெக்ட்ரானிக்ஸில் நாடு சொந்தக் காலில் நிற்க வழி தேடிய பாபா குழுவில் ராவும் இருந்தார். 1966 ஜனவரியில் பாபா விமான விபத்தில் இறந்தார். 1967 ஏப்ரலில் ஹைதராபாத்தில் ஈசிஐஎல் தொடங்கியது, தலைமை ஏற்றவர் ராவ். இரண்டே ஆண்டில் டிடிசி-12 என்ற கம்ப்யூட்டர் வந்தது. பிறகு டிவியும்.

இதை வெறும் வெற்றிக் கதையாகச் சொன்னால் நேர்மையாக இருக்காது. பெட்டி நம்முடையது, உள்ளே போகும் பாகங்கள் பலவற்றுக்கு அப்போதும் டாலர்தான் வேண்டியிருந்தது. இன்று உங்கள் கையில் இருக்கும் ‘மேட் இன் இந்தியா’ போனுக்கும் இதே கதைதான். ரூபாய் சரிந்தால் அமெரிக்க கிளையன்ட்டுக்கு பில் போடும் உங்க கம்பெனிக்குக் கொண்டாட்டம். போன் விலையும், வெளிநாட்டில் படிக்கும் தங்கச்சியின் ஃபீஸும் ஏறும்.

1991 ஜூலையில் ரூபாய் மதிப்பு மறுபடியும் குறைக்கப்பட்டது, இரண்டு தவணைகளில். இந்த முறை இறக்குமதிக் கதவும் திறந்தது. ஈசிஐஎல் டிவி இருந்த வீடுகளுக்குள் வெளிநாட்டு பிராண்டுகள் நுழைந்தன. அதையும் பார்த்துவிட்டுத்தான் 2003-ல் ராவ் இறந்தார். ஈசிஐஎல் ஊழியர்களுக்காக உருவான காலனிதான் இன்றைய ஏ.எஸ்.ராவ் நகர்.