புத்தகம் கட்டின பொடியன்



நான் எழுத்தாளன் இல்லை. க.பொ.த. உயர்தரத்தோடு என் படிப்பு நின்றுவிட்டது. இங்கே இலண்டனில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை. மலர்க்குழுவில் இருக்கிற அண்ணை ஒருவர் விடாமல் கேட்டபடியால் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக் கொள்ளுங்கோ.

போன மார்கழியில் என் மகள் ஒரு கேள்வி கேட்டாள். சுவிச்சைப் போட்டவுடனே வருகிற கரண்ட் எங்கேயிருந்து வருகுது எண்டு. பௌதிகம் படித்தவன் எண்டு ஊரில் எனக்குப் பேர். ஆனால் வாயைத் திறக்க ஒண்டும் வரேல்லை. நோட்ஸைப் பாடமாக்கிச் சோதினை எழுதினேனே தவிர, விளங்கிப் படிக்கேல்லை எண்டது அப்பதான் எனக்கே தெரிஞ்சுது. பிள்ளையின் முகத்தைப் பார்க்க வெட்கமாய்ப் போச்சு. அடுத்த சனிக்கிழமை லைப்ரரிக்குப் போனேன். சிறுவர் பகுதியில் கிடைத்த ஒரு மெல்லிய புத்தகத்தில்தான் மைக்கல் பரடேயின் கதையை வாசித்தேன். அதன் பிறகு அவரைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் தேடி வாசித்தேன். அதைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

பரடே 1791 செப்ரெம்பர் 22 இல் தென் இலண்டனில் பிறந்தார். தகப்பன் ஒரு கொல்லர், அடிக்கடி நோயாளி. 1801 இல் தானியம் எல்லாம் நெருப்பு விலை விற்ற காலம். அப்போது பத்து வயதுகூட ஆகாத பரடேக்கு ஒரு கிழமைக்கு ஒரு பாண்தான் பங்கு. பள்ளிக்கூடத்தில் எழுத, வாசிக்க, கணக்குப் பார்க்கக் கொஞ்சம் படித்ததோடு சரி. 13 வயதில் பிளான்ட்போர்ட் வீதியில் ஜோர்ஜ் றீபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார். றீபோவும் பிரான்சிலிருந்து வந்து குடியேறிய மனிசன்தான். அடுத்த வருடம், 1805 இல், அங்கேயே புத்தகம் கட்டும் தொழிலைப் பழக ஏழு வருட ஒப்பந்தம்.

மற்றப் பொடியள் புத்தகத்தைத் தைத்து ஒட்டி அனுப்பிவிடுவார்கள். இவர் கட்ட வந்த புத்தகத்தை வாசித்துப் போட்டுத்தான் விடுவார். பிரித்தானிக்கா கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய பகுதி அப்படித்தான் கையில் வந்தது. இன்னொன்று, இரசாயனம் பற்றி ஜேன் மார்செட் என்ற பெண்மணி 1806 இல் வெளியிட்ட உரையாடல் நூல். அந்தப் பெண்மணி, ஹம்பிரி டேவி என்ற பெரிய விஞ்ஞானியின் விரிவுரைகளுக்குப் போய், சரியாக விளங்காமல், தெரிந்தவரோடு கதைத்துக் கதைத்து விளங்கிக் கொண்டவர். தன்னைப் போன்றவர்களுக்கும் உதவட்டும் எண்டு, ஒரு ரீச்சரும் இரண்டு பிள்ளைகளும் கதைக்கிற மாதிரி எழுதினார். முதலில் தன் பெயரைக்கூட அதில் போடவில்லை. அதை வாசித்த பரடே, சொல்லியிருப்பது சரியோ எண்டு கையில் இருந்த சில்லறைக் காசில் சாமான் வாங்கிச் செய்து பார்த்தார். சரியாய் வந்தது. அதோடு அவருக்கு விஞ்ஞானத்தில் பிடிப்பு வந்துவிட்டது.

1812 இல் கடைக்கு வருகிற ஒருவர், றோயல் இன்ஸ்ரிரியூசனில் டேவி பேசுகிற கூட்டங்களுக்கு ரிக்கற் கொடுத்தார். பரடே கேட்டதை எல்லாம் எழுதி, படம் கீறி, தன் கையாலேயே வடிவாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார். டேவி கூப்பிட்டுக் கதைத்தார், ஆனால் புத்தகம் கட்டுகிற தொழிலையே பார்க்கச் சொல்லி அனுப்பிவிட்டார். பிறகு அங்கே ஒரு உதவியாளர் சண்டை பிடித்து வேலை இழக்க, 1813 மார்ச்சில் பரடேக்கு அந்த இடம் கிடைத்தது. கிழமைக்கு 25 சிலிங், மேல்மாடியில் தங்க அறை. அதே வருடம் டேவியோடு ஐரோப்பா முழுக்கப் பயணம் போனபோது, டேவியின் மனைவி அவரை வேலைக்காரனாகவே நடத்தினார். பொறுத்துக் கொண்டு படித்தார்.

1821 இல் மின்சாரம் ஓடுகிற கம்பி ஒன்றைக் காந்தத்தைச் சுற்றிச் சுழல வைத்தார். எங்கள் தொழிற்சாலையில் பெல்ட்டை இழுக்கிற மோட்டருக்கு அதுதான் பாட்டன். 1831 ஓகஸ்ட் 29 இல் ஒரு இரும்பு வளையத்தில் இரண்டு கம்பிச் சுருள்களைச் சுற்றினார். ஒன்றில் மின்சாரத்தைக் கொடுக்கிற கணமும் நிறுத்துகிற கணமும் மற்றதில் மின்சாரம் ஓடிற்று. சில கிழமைகளில், சுருளுக்குள் காந்தத்தை அசைத்தாலே போதும் எண்டு காட்டினார்.

இதை வாசித்தபோது எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. 1990களில் கரண்ட் இல்லாத காலத்தில், சைக்கிளைக் கவிட்டு வைத்துப் பெடலைச் சுற்றி டைனமோவில் றேடியோ கேட்டோமே! சின்னப் பிள்ளையாக நானும் சுற்றியிருக்கிறேன். காந்தமும் சுருளும்தான் உள்ளே. பரடேயைக் கையால் சுற்றிக்கொண்டு இருந்தும், ஆரெண்டு தெரியாமல் இருந்திருக்கிறேன்.

பரடேக்கு உயர்கணிதம் தெரியாது. அவர் மனதில் கண்டதைப் பின்னால் மக்ஸ்வெல் சமன்பாடுகளாக எழுதினார். சேர் பட்டமும் றோயல் சொசைற்றித் தலைவர் பதவியும் வந்தன, இரண்டையும் வேண்டாம் என்றார். ஆனால் ஒரு கடனை மறக்கவில்லை. தான் வெளியிட்ட ஆய்வுகளை மார்செட் அம்மையாருக்கு அனுப்பி வைத்தார். நத்தார் காலத்தில் சிறுவர்களுக்கென்று நடந்த விரிவுரைத் தொடர்களில் 19 தொடர்களை அவரே செய்தார். அவற்றில் ஒன்று முழுக்க முழுக்க ஒரு மெழுகுதிரியைப் பற்றியது. 1861 இல் அது புத்தகமாக வந்தது. 1867 ஓகஸ்ட் 25 இல் தன் கதிரையில் இருந்தபடியே அவர் உயிர் பிரிந்தது. 1991 முதல் 2001 வரை இங்கிலாந்தின் 20 பவுண் தாளில் அவரின் படம் இருந்தது.

அந்த மெழுகுதிரிப் புத்தகத்தில் உள்ள ஒன்றை நானும் மகளும் குசினியில் செய்து பார்த்தோம். திரியை ஊதி அணைத்து, எழும்புகிற புகையில் தீக்குச்சியை நீட்டினால், திரியைத் தொடாமலே நெருப்புத் தாவிப் பிடிக்கும். எரிவது திரி அல்ல, மெழுகு ஆவியாகி எரிகுது எண்டு அவளுக்குச் சொன்னேன். ஜாம் போத்தல் விளக்கில் திரி எண்ணெயை மேலே உறிஞ்சின விதத்தையும் சொன்னேன். பிறகு டைனமோக் கதையைச் சொல்லி, அவளின் கேள்விக்கும் பதில் சொன்னேன். மூன்று மாதம் பிந்தித்தான், எண்டாலும் சொன்னேன்.

எங்கட படிப்பு முடிஞ்சு போச்சு, இனிப் பிள்ளைகள் படிக்கட்டும் எண்டு நாங்கள் கதைக்கிறது வழக்கம். நானும் கதைத்தவன்தான். சிறுவர் பகுதியில் புத்தகம் எடுக்க ஒருவரும் வெட்கப்பட வேண்டாம். அங்கே என்னைக் கண்டால் ஒரு கதை சொல்லிவிட்டுப் போங்கோ.