திண்ணையில் பிறந்த கணக்கு

கும்பகோணத்தில் சாரங்கபாணி சன்னதித் தெரு இருக்கிறது. கோவிலுக்குப் போகிற அந்தத் தெருவில் வரிசையாக வீடுகள். வாசலில் திண்ணை, மேலே ஓடு.

இங்கிலாந்தில் பாத் நகரத்திலும் ஒரு வீட்டு வரிசை உண்டு. 1767 முதல் 1775 வரை, 30 வீடுகளைப் பிறை போலச் சேர்த்துக் கட்டினார்கள். அது செல்வந்தர்களின் வரிசை. கும்பகோணத்து வரிசையில் குடியிருந்த சீனிவாச அய்யங்காரோ ஜவுளிக்கடைக் குமாஸ்தா! அவருடைய மூத்த மகன்தான் கணித மேதை ராமானுஜன்.

பிறந்தது ஈரோட்டில், 1887 டிசம்பர் 22 அன்று. வளர்ந்தது இந்த வீட்டில். தந்தையின் சம்பளம் போதவில்லை. தாய் கோமளத்தம்மாள் கோவிலில் பாடினார். கல்லூரி மாணவர்களை வீட்டில் தங்க வைத்துச் சாப்பாடு போட்டார். அதுவே பிள்ளைக்கு யோகமாயிற்று. அந்த மாணவர்களுக்குத் தெரிந்த கணக்கை எல்லாம் 11 வயதிலேயே அவன் கற்றுத் தீர்த்துவிட்டான்!

திண்ணையில் உட்கார்ந்து சிலேட்டில் கணக்குப் போடுவான். முழங்கையால் அழிப்பான். காகிதத்துக்குக் காசு ஏது? விடையை மட்டும் நோட்டில் எழுதி வைப்பான். வழி சிலேட்டோடு போய்விடும். அந்த வழிகளைக் கண்டுபிடிக்கப் பேராசிரியர்கள் பல ஆண்டுகள் பாடுபட்டார்கள்.

கணக்கே கதி என்று இருந்ததால் மற்றப் பாடங்களில் தோல்வி. உபகாரச் சம்பளம் போயிற்று. 1905-ல் யாரிடமும் சொல்லாமல் வீட்டை விட்டே ஓடினார். பட்டம் கிடைக்கவே இல்லை. 1909-ல் ஜானகியுடன் கல்யாணம். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை.

1913-ல் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். மறு ஆண்டு மார்ச் 17-ல் கப்பல் ஏறினார். 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். பெரிய கௌரவம்தான். ஆனால் யுத்த காலம், சைவச் சாப்பாட்டுக்குத் திண்டாட்டம், குளிர், நோய். வீட்டிலோ மாமியாருக்கும் மருமகளுக்கும் பிணக்கு. கணவனும் மனைவியும் எழுதிய கடிதங்கள் கைக்குப் போய்ச் சேரவில்லை. பிறந்த வீட்டுக்குப் போய்விட்டார் ஜானகி.

1919-ல் ராமானுஜன் எலும்பும் தோலுமாகத் திரும்பினார். கணவன் பக்கத்தில் இருந்து பணிவிடை செய்தவர் ஜானகிதான். படுக்கையிலும் கணக்கு நிற்கவில்லை. 1920 ஏப்ரல் 26-ல் சென்னை சேத்துப்பட்டில் உயிர் பிரிந்தது. வயது 32.

கடைசி நாட்களில் எழுதிய தாள்கள் 1976-ல் கேம்பிரிட்ஜ் நூலகத்தில் அகப்பட்டன. ஜானகி தையல் வேலை செய்து பிழைத்து, 1994 வரை வாழ்ந்தார்.

கும்பகோணம் வீட்டை சாஸ்த்ரா பல்கலைக்கழகம் வாங்கிச் செப்பனிட்டது. 2003-ல் ஜனாதிபதி அப்துல் கலாம் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். உள்ளே தெருப் பக்க ஜன்னல் ஓரமாக ஒரு கட்டில் கிடக்கிறது.