சட்டமே படையாக: சேலம் சி. விஜயராகவாச்சாரியார்

அமெரிக்காவின் யார்க்டவுனில் 1781ஆம் ஆண்டு வாஷிங்டன் தலைமையிலான படைகளிடம் சரணடைந்தவர் காரன்வாலிஸ் பிரபு. பதினோராண்டுகள் கழித்து அவரே சீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானோடு செய்துகொண்ட உடன்படிக்கையால் பாராமகாலும் சேலமும் கும்பினியார் கைக்கு வந்தன. அங்கே இழந்ததை இங்கே ஈடுசெய்துகொண்டார் போலும்! அமெரிக்கக் குடியேறிகள் ஆங்கிலேயரின் ஆட்சியை விலக்கினரேயன்றி அவர்தம் சட்டத்தை விலக்கினாரல்லர். பிளாக்ஸ்டனின் சட்ட நூலைப் பயின்றே அவர்தம் வழக்கறிஞர்கள் வளர்ந்தனர். இங்கிலாந்தின் 1689ஆம் ஆண்டு உரிமைச் சட்டத்தின் சாயலை 1791இல் அமெரிக்க அரசமைப்பில் சேர்ந்த திருத்தங்களில் காணலாம். ஆள்வோரின் சட்டத்தைக் கொண்டே ஆள்வோரைக் கேள்வி கேட்கும் அந்த வித்தையைத் திருமணிமுத்தாற்றங்கரையில் செய்துகாட்டியவர் விஜயராகவாச்சாரியார்.

செங்கற்பட்டு மாவட்டத்துப் பொன்விளைந்த களத்தூரில் 1852 சூன் 18ஆம் நாள் அவர் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று 1875இல் பட்டம் பெற்றார். சேலம் நகராட்சிக் கல்லூரியில் ஆங்கிலமும் கணிதமும் கற்பித்து வந்தவர், சட்ட வகுப்பு எதற்கும் செல்லாமல் தாமே சட்டம் படித்துத் தேறி, 1881இல் சேலத்தில் வழக்குரைக்கத் தொடங்கினார். நகராட்சி மன்ற உறுப்பினருமானார்.

அடுத்த ஆண்டே இடி விழுந்தது. 1882இல் சேலத்தில் இந்துக்களுக்கும் இசுலாமியருக்கும் இடையே பெருங்கலகம் மூண்டது. அதனைத் தூண்டியவர் என்று குற்றஞ்சாட்டப்பட்டு, முப்பது வயது விஜயராகவாச்சாரியார் பத்தாண்டுச் சிறைத்தண்டனைக்கு ஆளானார். மனம் தளராமல் உயர்நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்து குற்றமற்றவரென விடுதலை பெற்றார். வேறொருவராயின் இத்தோடு அமைதியடைந்திருப்பார். இவரோ, தம்மை நகராட்சிப் பதவியினின்று நீக்கிய செயலை எதிர்த்து, இந்தியாவுக்கான அரசுச் செயலர் மீதே வழக்குத் தொடுத்தார். 1884இல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. இழப்பீடாகக் கிடைத்தது வெறும் 100 ரூபாய். ஆனால் ஓர் உள்ளூர் வழக்குரைஞர் பேரரசைக் கூண்டிலேற்றி வெல்லலாம் என்னும் செய்தி ஊரெங்கும் பரவியது. தென்னாட்டுச் சிங்கம் என்னும் பட்டம் அவருக்கு நிலைத்தது.

சட்டம் தம்மைக் காத்ததனால் அது எல்லாரையும் காக்கும் என்று மயங்கியவர் என அவரைக் குறைகூறுவாருண்டு. அது முழுவதும் பொருந்தாது. ஆங்கிலமும் அறியாமல், கட்டணம் கட்டவும் வழியின்றி, அதே கலக வழக்கில் அந்தமானுக்கு அனுப்பப்பட்டவர்களை அவர் மறக்கவில்லை. அவர்கள்மீது சொல்லப்பட்ட சாட்சிகளின் பொய்ம்மையை எடுத்துக்காட்டி, அவர்தம் விடுதலைக்காகவும் முயன்றார். சட்டம் எவருக்கு எட்டாதது என்பதை அவர் அன்றே கண்டிருக்க வேண்டும்.

1885இல் பம்பாயில் கூடிய முதற் காங்கிரசில் கலந்துகொண்டார். 1887இல் சென்னை மாநாட்டில் அவ்வமைப்பின் விதிகளை வகுக்கும் குழுவில் இடம்பெற்றார். பின்னர் சென்னைச் சட்டமன்றத்திலும், 1913 முதல் 1916 வரை பேரரசின் சட்டமன்றத்திலும் பணியாற்றினார். பெண்ணுக்குத் தந்தையின் சொத்தில் பங்கு வேண்டும், பருவமெய்திய பின்னரே மணம் நிகழவேண்டும் என்று வாதிட்டவர் அவர். வைதிகக் குடும்பத்தில் தோன்றியவர் அக்காலத்தில் இவ்வாறு பேசியது சிறிய துணிவன்று.

அவர் வாழ்வின் பெருஞ்சோதனை 1920 திசம்பரில் நாகபுரியில் நேர்ந்தது. அறுபத்தெட்டு வயதில் காங்கிரசின் தலைமை நாற்காலியில் அமர்ந்தார். அவர் தலைமையில்தான் காந்தியடிகளின் ஒத்துழையாமைத் திட்டம் உறுதிசெய்யப்பட்டது. நீதிமன்றங்களையும் அரசுப் பள்ளிகளையும் புறக்கணிப்பது அதன் கூறு. நீதிமன்றத்தால் உயிர்பெற்ற மனிதருக்கு அதில் உடன்பாடில்லை. உடன்படாமலேயே அவைக்குத் தலைமை தாங்கினார். மக்கள் அலை வேறு திசையில் திரும்பிவிட்டது. அன்று காந்தியடிகள் கண்ட வழியே கோடிக்கணக்கானோரைத் தட்டியெழுப்பியது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் ஆச்சாரியாரின் தயக்கத்தைக் கோழைமை என்பது பிழை.

அதன்பின்னும் அவர் தம் வழியை விட்டாரில்லை. விடுதலைப் போரின்போது அமெரிக்கர் பிராங்க்ளினைப் பிரான்சுக்குத் தூதனுப்பி வெளிநாட்டுத் துணை தேடியதைப் போல, இந்தியாவின் வழக்கை உலக நாடுகள் சங்கத்தின் முன் வைக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். சைமன் குழுவை எதிர்த்தார். சுயராச்சியத்துக்குரிய அரசமைப்பு வரைவொன்றையும் எழுதினார். 1931இல் அகோலாவில் இந்து மகாசபைக்குத் தலைமை ஏற்றது, அவரை மதிப்போரையும் கருத்து வேற்றுமை கொள்ளச்செய்த நிகழ்ச்சி.

1944 ஏப்ரல் 19ஆம் நாள், விடுதலைக்கு மூன்றாண்டுகளே இருக்கையில், அவர் மறைந்தார். சேலத்தில் அவர் இல்லம் சென்று உரையாடிப் பழகிய இளைய வழக்கறிஞர் இராஜாஜி 1948 சூனில், காரன்வாலிசு ஒருகாலத்தில் வீற்றிருந்த கவர்னர் ஜெனரல் பதவியில், அமர்ந்தார்.