கப்பலேறிப் போன கல்லூரி ஆசிரியர்

நம் மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கையைச் சுருக்கமாக எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் அன்போடு கேட்டுக்கொண்டார்கள். தலைவர்கள், விஞ்ஞானிகள் என்று பலர் நினைவுக்கு வந்தார்கள். நான் தேர்ந்தெடுத்தது ஒரு கல்லூரி ஆசிரியரை. இப்போது நம் கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகள் சிலர், வெளிநாடு போய் இளைஞர்களிடையே சமாதானப் பணி செய்ய விண்ணப்பம் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். ரொம்ப நல்ல காரியம். அந்த வழியில் நூறு வருஷத்துக்கு முன்னாலேயே நடந்து காட்டியவர் சார்லஸ் ஃப்ரீயர் ஆண்ட்ரூஸ். தீனபந்து, அதாவது எளியவர்களின் சொந்தக்காரர், என்று நம் மக்கள் அவரை அழைத்தார்கள்.

ஆண்ட்ரூஸ் 1871 பிப்ரவரி 12 அன்று இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்து, பாதிரியாராகி, 1904-ல் டில்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரிக்கு ஆசிரியராக வந்தார். வந்த இரண்டே வருஷத்தில் முதல்வர் பதவி காலியானது. வெள்ளைக்காரர் என்பதால் அது அவருக்கே கிடைத்திருக்கும். அவரோ, தன்னைவிட அனுபவம் மிக்க சுசில் குமார் ருத்ரா இருக்கும்போது தான் அந்த நாற்காலியில் உட்காருவது நியாயமில்லை என்று வாதாடினார். 1906-ல் ருத்ரா அக்கல்லூரியின் முதல் இந்திய முதல்வரானார். அந்தக் காலத்தில் இது சாதாரண விஷயமா? ஒரு கல்லூரிக்குள்ளேயே சமாதானப் பணி தொடங்கிவிட்டது என்றுதான் நான் சொல்வேன்.

அடுத்தது தென்னாப்பிரிக்கா. இதில் நம்ம ஊர்க் கதையும் கலந்திருக்கிறது. 1860 நவம்பர் 16 அன்று நேட்டாலின் டர்பன் துறைமுகத்தில் முதன்முதலாக ஒப்பந்தக் கூலிகளை இறக்கிய ட்ரூரோ என்ற கப்பல், நம் சென்னையிலிருந்து போனதுதான். அதன் பிறகு சென்னை மாகாணத்திலிருந்து போனவர்களில் வட ஆற்காடு, செங்கல்பட்டு மாவட்டத்தார் நிறைய பேர். பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் எல்லாம் அந்தக் காலத்தில் செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருந்தன என்பது மூத்த நண்பர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்கியவர்கள் வருஷத்துக்கு மூன்று பவுன் தலைவரி கட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. 1913-ல் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு, இந்து, முஸ்லிம் முறைப்படி நடந்த கல்யாணங்கள் செல்லாது என்றது. காந்தியடிகளின் தலைமையில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கோகலே நிதி திரட்டியபோது ஆண்ட்ரூஸ் தன் சேமிப்பை அப்படியே எடுத்துக் கொடுத்தார். பிறகு நண்பர் பியர்சனுடன் தானே கப்பலேறினார்.

1914 ஜனவரியில் டர்பனில் இறங்கியவருக்கு காந்தி யார் என்று அடையாளம் தெரியவில்லை. மொட்டைத் தலையும் கூலியாளின் உடையுமாக நின்றவர்தான் காந்தி என்று தெரிந்ததும், குனிந்து அவர் காலைத் தொட்டார். ஆசியர் ஒருவரின் காலை ஆங்கிலேயர் தொடுவதா என்று அங்கிருந்த வெள்ளையர்கள் கொதித்துப் போனார்கள். அவர் சண்டைக்குப் போகவில்லை, பணிந்து போகவும் இல்லை. காந்திக்கும் ஜெனரல் ஸ்மட்ஸுக்கும் நடந்த பேச்சுவார்த்தையில் இரு பக்கமும் நம்பிய மனிதராகத் துணை நின்றார். அதே ஜனவரியில் இங்கிலாந்தில் அவருடைய தாயார் காலமானார். மகன் பக்கத்தில் இல்லை. அந்த வருஷமே வந்த புதுச் சட்டம் மூன்று பவுன் வரியை நீக்கியது. நம் கல்யாணங்களையும் ஒப்புக்கொண்டது.

அதோடு நின்றிருந்தால் ஒரு நல்ல மனிதர் என்று சொல்லி முடித்துவிடலாம். 1915-ல் பியர்சனுடன் பிஜித் தீவுக்குப் போனார். கரும்புத் தோட்டத்தில் வாடும் பெண்களைப் பற்றி நம் பாரதியார் கண்ணீரோடு பாடினாரே, அதே பிஜி. 1879 முதல் கல்கத்தாவிலிருந்தும், 1903 முதல் சென்னையிலிருந்தும் சுமார் அறுபதாயிரம் பேர் அங்கே கொண்டு போகப்பட்டார்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்ற கணக்கு. பத்தடிக்கு ஏழடி அறைகளாகத் தடுத்த லைன் வீடுகள். அங்கே தற்கொலையும் கொலையும் ஏன் அதிகம் என்பதை ஆண்ட்ரூஸ் அந்த லைன்களுக்கே போய் விசாரித்து, 1916-ல் பியர்சனுடன் சேர்ந்து அறிக்கை வெளியிட்டார்.

அந்த வருஷமே இந்திய அரசு ஒப்பந்த முறையை ஒழிப்பதாக ஒப்புக்கொண்டது. ஆனால் எப்போது என்று நாள் குறிக்கவில்லை. ஆண்ட்ரூஸ் 1917-ல் மறுபடியும் பிஜிக்குக் கப்பலேறினார். ஆஸ்திரேலியாவிலும் பேசினார். அதைக் கேட்ட அந்நாட்டு மகளிர் அமைப்புகள் ஃப்ளோரன்ஸ் கார்ன்ஹாம் என்ற பெண்மணியை பிஜிக்கு அனுப்பி விசாரித்தன. அவர் கண்டதும் அதேதான். கடைசியில் 1920 ஜனவரி 1 அன்று பிஜியில் மிச்சமிருந்த ஒப்பந்தங்கள் எல்லாம் ரத்தாயின.

நண்பர்களே, ஒரு தடவை போய்விட்டு வருவதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். சொன்ன சொல் காப்பாற்றப்பட்டதா என்று பார்க்க இரண்டாம் தடவை போகிறோமே, அதுதான் தொண்டு. ஆண்ட்ரூஸின் வாழ்க்கையில் நான் படித்த பெரிய பாடம் இதுவே.

பிறகு சாந்திநிகேதனில் தாகூரோடு இருந்தார். அகில இந்திய தொழிற்சங்க காங்கிரஸின் தலைவராகவும் இருந்தார். 1940 ஏப்ரல் 5 அன்று கல்கத்தாவில் காலமானார். 1971-ல் நம் அரசு அவருக்கு நூற்றாண்டுத் தபால்தலை வெளியிட்டது.

நான் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கல்கத்தா வழியாக பிஜிக்குப் போனவர்களின் சொந்த ஊர்கள் பெரும்பாலும் உத்தரப் பிரதேசமும் பீகாரும். அதே பக்கத்துப் பிள்ளைகள் இன்று நம்ம தொழிற்பேட்டையைச் சுற்றி ஒரே அறையில் ஆறு பேர், எட்டு பேர் என்று தங்கி வேலை செய்கிறார்கள். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. பீகார் அரசு குழு அனுப்பி விசாரித்தது. வதந்தி வதந்திதான் என்று தெரிந்தது. ஆனால் அந்தச் சில நாட்கள் அந்தப் பையன்கள் எவ்வளவு பயந்திருப்பார்கள்! அவர்களோடு உட்கார்ந்து ஒரு டீ குடித்து, ஊர் எது, வீட்டில் யார் யார் என்று கேட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்?

ஆகவே வெளிநாட்டுக்குப் போகப்போகும் தம்பி தங்கைகளுக்கு மூத்தவன் என்ற உரிமையில் ஒன்று சொல்கிறேன். தாராளமாகப் போங்கள். போகும்முன் கொஞ்ச நாள் அம்பத்தூரிலோ ஆவடியிலோ அந்தப் பிள்ளைகளுக்கு மாலையில் தமிழ் சொல்லிக்கொடுங்கள். அவர்களிடம் இந்தி கற்றுக்கொள்ளுங்கள். போன நாட்டில் பேசுவதைவிட அதிகமாகக் கேளுங்கள். சான்றிதழ் வாங்கித் திரும்பியதும் கதை முடிந்தது என்று நினைக்காமல், முடிந்தால் இன்னொரு தடவையும் போய்ப் பாருங்கள். அடுத்த மலரில் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். படிக்க நாங்கள் காத்திருக்கிறோம்.